கையால் முறுக்கிவிட்ட போல்ட்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ராஜபாளையத்துக்கு வரட்டும், ஆளை நேரிலேயே காட்டுகிறேன். பெயர் கௌதம்ராஜ். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறவன். அவனுக்குத்தான் இது நடந்தது. போன ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

அன்று வீட்டில் எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தார்கள். வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு இவன் மட்டும் தங்கிக்கொண்டான். முன்னறை ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, முத்துப்பாண்டியின் பைக் இன்ஜினைப் பிரிக்க உட்கார்ந்தான். மணி இரண்டு இருபது.

நல்ல காரியத்துக்கு யாரும் ஷட்டரை இறக்க மாட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முத்துப்பாண்டி சேத்தூர்க்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்தே இவனுக்கு உயிர்ச் சிநேகிதன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலைப் பெருமாளைப் புரட்டாசிச் சனிக்கிழமை பார்க்கப் போக வேண்டும் என்று, முதல் நாள் சாயங்காலம் ஆயில் மாற்ற வண்டியை இவனிடம் விட்டான். கௌதம்ராஜ் பழைய ஆயிலை வடித்தான். இன்ஜின் அடியில் ஆயில் துளையை அடைக்கும் போல்ட்டைக் கையால் முறுக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினான். ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டியதுதான் பாக்கி. பத்து விநாடி வேலை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மில் வேன் ஹாரன் அடித்தது. நைட் ஷிஃப்ட். வேனை விட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ‘வண்டி ரெடி’ என்று வேனிலிருந்தே மெசேஜும் அனுப்பினான். அதோடு அந்த போல்ட்டைச் சுத்தமாக மறந்துபோனான்.

விடிகாலையில் முத்துப்பாண்டி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்பே போல்ட் கழன்று விழுந்து, ஆயில் எல்லாம் ஒழுகி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இறுகி நின்றது. பின் சக்கரம் சுற்றாமல் இழுபட்டு அவன் ரோட்டில் விழுந்தான். பின்னால் ஒரு டிப்பர் வந்துகொண்டிருந்தது.

ஊர் என்ன சொல்லும்? குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்றது. சாவுச் செய்தி கேட்டதுமே கௌதம்ராஜுக்கு அந்த போல்ட் ஞாபகம் வந்துவிட்டது; ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்து அவன் மனைவி செல்வலட்சுமி அந்த வண்டியை ஒரு குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு இவனிடமே வந்தாள்.

“அண்ணே, கோயிலுக்குப் போற மனுசன்... அவிய குடிச்சிருப்பாவளா? நீங்களே பிரிச்சுப் பாருங்க. வண்டில கோளாறுன்னு ஒரு வார்த்த சொன்னியன்னா போதும், ஊர் வாய அடைச்சிருவேன்.”

“பாக்குறேம்மா” என்றான்.

என்ன செய்ய நினைத்தான் தெரியுமா? வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுவது. உரசிக் கருகிய பிஸ்டனை யாராவது பார்த்தால் ஆயில் இல்லாமல் ஓடியது தெரிந்துவிடும். அதை எடுத்துக் கண்மாயில் எறிந்துவிட்டு வேறு பிஸ்டன், வேறு போல்ட் போடுவது. குடிகாரன் என்ற பெயர் செத்தவனோடு போகட்டும். இப்படி நினைத்ததும் தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல அவனுக்கு இருந்தது. ஆனாலும் வேலையை ஆரம்பித்தான்.

இரண்டு முப்பத்தைந்து. இன்ஜின் மேல்மூடியான ஹெட் கவரைக் கழற்றினான். அடுத்த ஸ்பேனருக்காகப் பார்க்காமலே கையை நீட்டினான். கையில் ஸ்பேனர் வந்தது. சரியான நம்பர். டூல்ஸ் பெட்டி இருந்ததோ நான்கடி தள்ளி... சுவர் ஓரத்தில். நாம்தான் எடுத்து வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு ஐம்பது. வெளியே மழை பிடித்தது. கரண்ட் போனது. வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்டை எடுத்தான். பிஸ்டன் உள்ளே கடித்துக்கொண்டு நின்றது. மரச்சுத்தியலால் தட்டினான். அசையவில்லை.

மூன்று பத்துக்குத்தான் உறைத்தது. கரண்ட் இல்லை. ஷட்டர் மூடியிருக்கிறது. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

பிறகு எப்படித் தெரிகிறது?

வெளிச்சம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. வட்டமாக, இவன் கை மேல். கையை நகர்த்தினான். வெளிச்சமும் நகர்ந்தது. இவன் வண்டி வேலை பார்க்கும்போதெல்லாம் முத்துப்பாண்டிதான் அந்தப் பக்கம் குத்தவைத்து டார்ச் பிடிப்பான்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இன்ஜின் மேல் கை பட்டது. சுட்டது. நாற்பது நாளாக ஆறிக் கிடந்த இன்ஜின்... இப்போதுதான் ஓடி வந்து நின்றது போல் சுட்டது.

சொட்... சொட்... சொட்...

குனிந்து பார்த்தான். போல்ட் இல்லாத துளையிலிருந்து ஆயில் வடிந்தது. புது ஆயில். தேன் நிறம். ஒரு சொட்டுக்கூட இல்லாத இன்ஜினிலிருந்து.

விரலை வைத்து அடைத்தான். விரலைச் சுற்றி வழிந்தது.

வெளிச்சம் குனிந்து கிட்டே வந்தது.

“முத்து...” என்றான். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். “நாந்தாம்லே...”

வெளிச்சம் அசையவில்லை.

ஏனென்று தெரியாமலே அவன் குரல் உயர்ந்தது. “நாந்தாம்லே போல்ட்ட இறுக்கல! தெரிஞ்சும் மறைச்சேன். நீ குடிக்கல... நீ குடிக்கவே இல்ல!”

டக்.

பிஸ்டன் தானாகவே கீழே இறங்கியது.

இருட்டு.

போனை எடுத்து மணி பார்த்தான். மூன்று நாற்பத்தாறு.

கருகிய பிஸ்டனைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் சேத்தூருக்குப் போனான். செல்வலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். பிஸ்டனை நீட்டினான். வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“தெரியும். அதான் சொல்லிட்டியளே.”

“எப்பம்மா?”

“செத்த நேரத்துக்கு முந்தி. போன்ல.”

போனைக் காட்டினாள். மூன்று நாற்பத்திரண்டு. நான்கு நிமிடம் பேசியதாக இருந்தது. அழைத்தது முத்துப்பாண்டியின் நம்பர். அவள் உள்ளே போய், போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து இவன் முன்னால் வைத்தாள். டிப்பர் ஏறி நொறுங்கிய போன் அதில் மூன்று துண்டாகக் கிடந்தது.

“நாளைக்கு ஊர் முன்னாடி நின்னு இதையே சொல்லுங்க” என்றாள். “அதுக்குப் பொறவு இந்த வாசப்படிய மிதிக்காதிய.”

சரியென்று தலையாட்டிவிட்டு இறங்கியவன், மழையில் நின்று திரும்பிக் கேட்டான்.

“போன்ல... வேற ஏதும் கேட்டுச்சாம்மா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மொதல்ல நீங்க முணுமுணுத்தது எனக்குச் சரியா வெளங்கல. அவியதான் பக்கத்துல இருந்து சொன்னாவ... ‘சத்தமாச் சொல்லுலே, அவளுக்குக் கேக்கல’ன்னு.”