கிளீட்டஸின் ஆம்பில் கேட்ட தட்டல்

இது நடந்தது. நான் சேர்த்துச் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. நேரத்தைக்கூட நிமிஷக் கணக்கில் சொல்ல முடியும். ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஹார்லனின் பதிவுக் கருவியில் அது அப்படியே நிற்கிறது. நள்ளிரவும் இல்லை. கடலோர ஊரான போர்ட் ஆர்தரில், ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

வில்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் தம்பி கிளீட்டஸ் செத்துப் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. புயல் அடித்த அன்று வெள்ளம் வீட்டுக்குள் ஏறியபோது, அவன் கிட்டாரையும், அதன் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பையும் தூக்கிக்கொண்டு கூரைக்கு அடியில் இருந்த பரணுக்குப் போனான். தண்ணீர் பரணுக்கும் வந்தது. வில்டா அன்று டாலஸில் இருந்தாள். ஐந்து மணி நேரப் பயணம். சாலையெல்லாம் அடைத்துக் கிடந்தது. நான்காம் நாள்தான் அவளால் ஊருக்குள் கால் வைக்க முடிந்தது.

அவன் பாதியில் விட்ட பாட்டு ஒன்று ஹார்லனிடம் இருந்தது. குரல் இருந்தது, டிரம்ஸ் இருந்தது. நடுவில் கிட்டார் வரவேண்டிய இடம் மட்டும் காலி. அதை வாசிக்கத்தான் வில்டா ஹார்லனின் கூடத்துக்கு வந்திருந்தாள். மதுக்கடை மேடைகளில் இருபது வருடம் தம்பியின் பக்கத்தில் நின்று வாசித்தவள். ஆம்பும் அவனுடையதுதான். ஹார்லன் அதைக் கழுவி, காயவைத்து, உள்ளிருக்கும் கண்ணாடி வால்வுகளை மாற்றி உயிர் கொடுத்திருந்தான்.

ஆனால் கிளீட்டஸின் ஒலி வரவில்லை. மெல்லத் தொட்டால் தெளிவாக இருக்க வேண்டும். அழுத்தி இழுத்தால் தொண்டை கட்டியவன் கத்துவது போல ஒரு கரகரப்பு எழ வேண்டும். வில்டா ஆம்பின் சத்தத்தை ஆறில் வைத்தாள். அடித்தொனியை மூன்றுக்கு இறக்கினாள். காலடிப் பெடலில் கரகரப்பைக் குறைத்து, அளவை ஏற்றினாள். எதிரொலிக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள்.

வாசித்தாள். நிறுத்தினாள். முகம் சுருங்கியது.

“ஹார்லன், எதிரொலி கேக்குதா?”

“அதான் அணைச்சிட்டியே அக்கா.”

“கேக்குது. ஏதோ தாழ்வான இடத்துல வாசிக்கிற மாதிரி. சுத்தியும் மரப்பலகை.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் சிரித்தான். “வயசாகுது. காதுக்கு எண்ணெய் விடு.”

மணி 2:10. வில்டா கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி அடக்கினாள். ஆம்ப் மெல்ல இரைந்தது. அந்த இரைச்சலுக்குள்...

டொக். டொக். டொக்.

“வால்வு போகுதாடா?”

“எது? எனக்கு ஒண்ணும் கேக்கலயே.”

அவள் அடித்தொனியை நான்காக்கினாள். ஐந்தாக்கினாள். தட்டல் கிட்டே வந்தது. பலகையில் முஷ்டியால் தட்டும் சத்தம். அதற்குக் கீழே இன்னொன்று. தளக்... தளக்... என்று சுவரில் மோதும் தண்ணீர்.

பெடலைக் கழற்றினாள். நிற்கவில்லை. ஆம்புக்குப் போகும் வயரை மாற்றினாள். நிற்கவில்லை. கிட்டாரின் சத்தக் குமிழைக் குறைத்தால் தட்டல் தூரமாகப் போனது. ஏற்றினால் பக்கத்தில் வந்தது. ஏழில் வைத்தபோது மூச்சு கேட்டது. இறைக்கும் மூச்சு.

2:28.

“அக்கா...”

கூப்பிட்டது ஹார்லன் இல்லை. ஹார்லன் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“வில்டாக்கா...”

வில்டா கிட்டாரைத் தூக்கி, கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோனாள். அதற்குள் கத்தினால் குரல் ஆம்பில் வரும். பழைய கிட்டார்களில் அப்படித்தான்.

“கிளீட்டஸ்! தெருப் பக்கம் போ! அங்க சின்ன ஜன்னல் இருக்கு. உதைச்சா விழுந்துடும். போடா... போ!”

மணி 2:31.

தட்டல் நின்றது.

எதுவோ பலகை மேல் ஊர்ந்தது. தண்ணீரை இழுத்துக்கொண்டு... தூரமாக... இன்னும் தூரமாக.

டொக். டொக்.

பிறகு ஒன்று.

டொக்.

பிறகு...

2:51.

ஒன்றுமில்லை.

வில்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல் தானாகக் கம்பியில் பட்டது. அந்த ஒரு சுரம் அறையை நிறைத்தது. ஹார்லன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“அக்கா, இதான்! அவன் ஒலி இதான்!”

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். தட்டல் இல்லை, தண்ணீர் இல்லை. நாற்பது நிமிஷம் வெறும் இரைச்சல். நடுவில் வில்டாவின் குரல் மட்டும்.

அன்று ராத்திரி, மூன்று வருடத்தில் முதல்முறையாக, அவள் மாத்திரை இல்லாமல் தூங்கினாள். வழி சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது.

ஞாயிறு காலை, தேவாலயத்துக்கு வெளியே ஓசெல்லா நின்றிருந்தாள். கிளீட்டஸின் பின் வீட்டுக்காரி. எழுபத்தைந்து வயது. வெள்ளத்துக்குப் பிறகு மகளோடு ஹூஸ்டனுக்குப் போனவள், அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருந்தாள். சாவுக்கு வந்தபோதுகூட வில்டாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அத்தை, என் மேல என்ன கோவம்?” என்று வில்டா கேட்டாள்.

ஓசெல்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“அன்னிக்கு நான் என் கூரை மேல உக்காந்திருந்தேன். உங்க வீட்டுப் பின்பக்கக் கூரையில ஒரு பலகை பேந்திருந்தது. அது வழியா அவன் கைய நீட்டி ஆட்டினான். நான் பாத்தேன். படகும் பின்பக்கமாத்தான் வந்துட்டிருந்தது. தெருவுல மின்கம்பி அறுந்து கெடந்ததால அந்தப் பக்கம் ஒரு படகும் போகல.”

“அத்தை...”

“ரெண்டரை தாண்டி ஒரு நிமிஷம். கையில கடியாரம் கட்டியிருந்தேன். உள்ளேர்ந்து பொம்பளக் குரல், உன் குரல்தான். தெருப் பக்கம் போ, ஜன்னல் இருக்குன்னு. கை உள்ள போயிடுச்சு. படகு வந்து, கூப்பிட்டுப் பாத்துட்டு, ஆள் இல்லன்னு போயிடுச்சு. எதிர்க் காத்துல நான் கத்தினது யாருக்குமே கேக்கல.”

“ரெண்டரை தாண்டி ஒரு நிமிஷமா?” என்றாள் வில்டா.

“புயலுக்குன்னு அந்த ஜன்னலுக்குப் பலகை அடிச்சதே அவன்தான். தெறக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் போனான். நீ கூப்பிட்டியே, அதான்.”

ஓசெல்லா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“மூணு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அவன அங்க விட்டுட்டு... நீ மட்டும் எப்படி வெளிய வந்த?”