கல்லுப்பு ஒத்தடம்

மார்பை எடுத்த தழும்பின் ஓரத்தில் மறுபடி சிறு கட்டிகள் முளைத்தபோது, மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குக் கதிர்வீச்சோடு மைக்ரோவேவ் சூடும் கொடுத்தார்கள். கட்டி கரைய வாய்ப்பிருக்கிறது, இடையில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடம் மரத்துப் போயிருந்ததால், தோல்மேல் மெல்லிய ஒயர்களை ஒட்டிச் சூட்டை அளந்துகொண்டே இருப்பார்கள்.

மலைமேல் எங்கள் ஊரான நாகலூரில் என் கணவரின் அக்காவுக்கு, நான் நங்கையா என்று கூப்பிடுபவருக்கு, இது வேடிக்கையாகப் போயிற்று. அடுத்த வீட்டு ஹோம்ஸ்டேயில் அவர்தான் சமையல். "சூடுதான கண்ணு வெக்கறாங்க? அதுக்கு எதுக்கு மலையெறங்கற? மைக்ரோவேவ் எங்க கிச்சன்லயே இருக்குதே!"

சுளுக்கோ மூட்டுவலியோ, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உப்பு ஒத்தடம்தான். ஈரக் கல்லுப்பை அந்த மைக்ரோவேவில் சூடாக்கி, வேட்டித் துணியில் முடிந்து எடுத்து வந்தார். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. சிகிச்சைக்குப் போய்வந்து வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தவளின் ரவிக்கையை விலக்கி, அழுத்தி வைத்தார்.

"சுடுதா கண்ணு?"

"ஒண்ணுந் தெரியலீங்க. எடுத்துருங்க."

"அப்பப் பதமாத்தான் இருக்குது."

கோழியைத் தீயில் வாட்டும் நாற்றம் வந்தது. அது என் நாற்றம் என்று புரியச் சற்று நேரமாயிற்று. துணியை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

புண் ஆறும்வரை சிகிச்சை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிகள் காத்திருக்குமா? சீழ் வடியப் படுத்திருந்தேன். ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நங்கையா, "ஆஸ்பத்திரி மெசின்ல வெச்சுச் சுட்டுப்போட்டாங்க" என்று மூக்கைச் சிந்தினார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். சீழைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்குக் குமட்டியது.

ஒரு நாள், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். நங்கையாவின் கதையைக் கேட்டுவிட்டு என் காதோரம் குனிந்தாள். "எனக்கும் மார்ல ஒரு கட்டி இருக்குதுங்க்கா. இப்பிடிச் சுடுவாங்கன்னா நான் போகமாட்டனுங்க."

எழுந்து உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் ரவிக்கையை அவிழ்த்தேன். "நல்லாப் பாரு கண்ணு. இது மெசின் இல்ல. நங்கையா வெச்ச உப்பு."

"மானத்த வாங்கறாளே!" என்று நங்கையா அலறினார். கணவர் எழுந்து வெளியே போனார்.

அவள் பார்த்தாள். வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, "காலைல கீழ போற பஸ்ஸு எத்தன மணிக்குங்க்கா?" என்று கேட்டாள்.