என் கை இல்லாத காகிதம்

வாசகரே, உம்மைச் சாட்சியாக வைத்தே இதை எழுதுகிறேன். ஆவணியில் நான் கப்பலிலிருந்து இறங்குவேன் என்று சாவகச்சேரியில் காத்திருப்பவர்கள், புரட்டாசி பிறந்தும் என்னைக் காணாமல் உம்மிடம் காரணம் கேட்பார்கள். நம் ஊர்ப் பாடசாலையில் எனக்கென ஓர் இடம் பேசி வைத்திருக்கும் என் தந்தையார் முதல் ஆளாகக் கேட்பார். அப்போது நடந்ததை நடந்தபடி சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீரே.

நான் ஆசிரியனாக வந்திருக்கும் மலாயாவின் ஈப்போவில் மழைக்கும் எனக்கும் தீராத வழக்கு. நம் ஊரில் மாரி ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகும். இங்கே அது நாள்தோறும் பிற்பகலில், மணியடித்தாற்போல் வருகிறது. எங்கள் வகுப்பறைக்குத் தகரக் கூரை. என் வாக்கியம் உச்சத்தை எட்டும் வேளையில் கூரை முழங்கும். மாணவர்கள் புத்தகத்தை மூடிக் கைகட்டி அமர்ந்துவிடுவார்கள். மழை பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பது இவ்வூர் வழக்கம். கோயில் வீதியின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் என்று பெயர் வாங்கியவன் நான். முதல் மாதம் முழுவதும் கூரையோடு போட்டியிட்டுத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டேன். ஐயாவுக்கு மழை மீது ஏன் இத்தனை கோபம் என்று சீனக் கடைக்காரர் மகன் ஒருவன் மிகுந்த மரியாதையோடு விசாரித்தான்.

மூத்த வகுப்பில் ஒன்பது மாணவர்கள். மார்கழியில் சீமையிலிருந்து தாள் வரும் பெரிய பரீட்சையை அவர்கள் எழுத வேண்டும். சித்திரை பிறந்த சில நாட்களில், அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசரிடமிருந்து பிரிந்த பாடத்துக்கு வந்தோம். அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம் என்று தலைமையாசிரியராகிய துரை புன்னகையோடு சொல்லியிருந்தார். நான் கடக்கவில்லை. ஒரு தேசம் ஒரு காகிதத்தில் பிறந்த கதையை, மேடையில் நிற்பவனைப் போல் கையுயர்த்திச் சொன்னேன். தோற்றால் தூக்குமரம் என்று அறிந்தும், ஒவ்வொருவராக எழுந்து வந்து பெயர் எழுதிய மனிதர்களைப் பற்றிச் சொன்னேன். அன்று மழைகூடத் தாமதித்தது.

கைதட்டலை எதிர்பார்த்தேன், வந்தவை கேள்விகள். கடைக்காரர் மகன், அந்தக் காகிதத்தில் சாப்பு உண்டா என்று கேட்டான். முத்திரை குத்தாத காகிதத்தை அவன் தகப்பனார் கையாலும் தொடமாட்டாராம். கோலா கங்சாரிலிருந்து வந்த மலாய் மாணவன், அரசர் சம்மதித்தாரா என்று கவலையோடு கேட்டான். மூன்றாம் வரிசையில் இருந்த இராமசாமி, எழுதத் தெரியாதவர்கள் எப்படிக் கை வைத்தார்கள் என்று கேட்டான். மூவருக்கும் நான் அளித்தது அலங்காரமான விடை. அது விடையன்று என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

ஆகவே மறுநாள் ஓர் ஏற்பாடு செய்தேன். வகுப்புக்கென்று நாமே ஒரு சாசனம் எழுதுவோம் என்றேன். ஒருவன் பேச்சை மற்றவன் கேலி செய்வதில்லை. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பது. பரீட்சை முடியும்வரை ஒன்பது பேரில் எவனும் விலகுவதில்லை. மூன்றே விதிகள். மூன்றாவதை நான்தான் வற்புறுத்தினேன். எழுத்தர் வேலை கிடைத்தவுடன் பாதியில் மறைந்துவிடுகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். காகிதம் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் கை பெற்றுவர வேண்டும் என்பது ஏற்பாடு. சிவப்பு மையில் கடைச் சாப்பு வந்தது, மலாய் மொழியின் ஜாவி எழுத்தில் ஒரு பெயர் வந்தது, நம்மவர் கையொப்பங்களும் வந்தன. எட்டு நிறைந்தபின், ஒன்பதாவதாக இராமசாமி அதைச் சனிக்கிழமை தன் அக்காள் இருக்கும் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றான்.

திங்கட்கிழமை காகிதமும் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

அவன் பெற்றோரை இழந்தவன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் அக்காள் அஞ்சலைதான் அவனைப் படிக்க வைக்கிறாள். ஈப்போவில் அவன் தங்கியிருப்பது ரயில்வேயில் வேலை செய்யும் உறவினர் வீட்டில். அவரிடம் போய்க் கேட்டேன். காகிதத்தைப் பார்த்து அஞ்சலை பயந்துவிட்டாள், தம்பியைத் தன்னோடு நிறுத்திக்கொண்டாள் என்றார். ஞாயிறன்று ரயிலேறினேன். பெட்டியில் அமர்ந்து, கல்வியின் மேன்மை குறித்து ஒரு சொற்பொழிவை முன்னுரை முதல் முடிவுரை வரை மனத்தில் அடுக்கிக்கொண்டேன்.

தோட்டத்துக் கிராணியார், அதாவது கணக்கர், நம் யாழ்ப்பாணத்தவர். வேட்டி கட்டிய ஊர்க்காரனைக் கண்ட மகிழ்ச்சியில் ஆபீசு விறாந்தையில் நாற்காலி போட்டார்.

“உமக்கேன் தம்பி இந்தக் கரைச்சல்? பெடியன் பெரட்டுக்கு வந்திட்டான். விட்டிடும்.”

பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. என் வகுப்பின் வரவுப் பட்டியலில் இல்லாத பெயர் அந்தப் பட்டியலில் ஏறியிருந்தது. அஞ்சலையைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவள் வந்தாள், ஆனால் விறாந்தைப் படியேறவில்லை. நான் இறங்க வேண்டியதாயிற்று. என் வயதுதான் இருக்கும். பேசுவதானால் லயத்துக்கு வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளாகிய அந்த லயத்தின் முன் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். கூட்டம் கண்டதும் என் கை தானாக உயர்ந்தது. இரண்டாவது வாக்கியத்தில் மழை வந்தது. அங்கும் தகரக் கூரை. நான் குரலை உயர்த்தினேன்; மழையும் உயர்த்தியது.

“வாத்தியாரு மழையோட மல்லுக்கு நிக்கிறாருடா” என்றார் ஒருவர். லயமே சிரித்தது. கதவோரம் நின்ற இராமசாமி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். நான் பேச்சை நிறுத்தினேன். என் மாணவர்களைப் போலவே கைகட்டி, தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன்.

அஞ்சலை உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த காகிதத்தைக் கொண்டுவந்தாள். ஒரு மடிப்புக்கூடக் கசங்கவில்லை.

“தம்பி படிச்சுக் காட்டினான். முடியிற வரைக்கும் யாரும் வெலகக் கூடாதாமே. எங்கப்பாவும் தோட்ட வேலைக்குக் கப்பலேறுனப்ப இப்படித்தாங்க ஒரு காகிதத்துல கை நாட்டு வச்சாரு. பேரு பேரா இருந்துச்சு, வெலகக் கூடாதுன்னு இருந்துச்சு. இந்தக் காட்டைவிட்டு அவரு போகவேயில்ல.”

இது வேறு, இது அவன் நன்மைக்கானது என்றேன்.

“அப்பவும் அப்படித்தான் சொன்னாங்களாம்” என்றாள். பிறகு காகிதத்தின் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். “இதுல எட்டுப் பேரு கை இருக்கு. ஒங்க கை எங்கங்கய்யா?”

“நான் எழுதச் சொன்னவன்.”

“அன்னைக்கு எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டின ஆளும் கை வைக்கல. எல்லாரையும் எறக்கிவிட்டுட்டு அதே கப்பல்ல திரும்பிப் போயிட்டாரு. நீங்களும் ஆவணியில போறீங்களாம், தம்பி சொன்னான். ஒங்களுக்கு மட்டும் வெலகலாமா?”

எத்தனையோ மேடைகளில் எதிர்க்கட்சியை வாயடைக்க வைத்தவன் நான். அந்தத் தாழ்வாரத்தில் நான் செய்தது, அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கியதுதான். தூக்குமரத்துக்கு அஞ்சாமல் பெயர் எழுதியவர்களைப் புகழ்ந்துவிட்டு, என் பெயரை மட்டும் பத்திரமாக வெளியே வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு விலகக் கூடாது என்று விதி எழுதுவித்தவனின் மனம் ஊருக்குக் கப்பலேறும் பினாங்குத் துறைமுகத்தில் நின்றது. அவள் பயந்தது வேறொரு காகிதத்தை நினைத்து. ஆனால் அவள் கண்ட குறை உண்மையான குறை.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எட்டு அடையாளங்களுக்கும் மேலே, விதிகளுக்கு அடியில், சிறிது இடம் இருந்தது. பெயர் எழுதினேன். வழக்கம்போல் பக்கத்தில் சாவகச்சேரி என்று எழுதிய கை, அங்கே நிற்காமல் ஒரு காற்புள்ளி இட்டு ஈப்போ என்றும் எழுதியது. எந்த ஊரை எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். இரண்டையும் என்றேன். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் ஆமென்று தலையசைத்தான். பேனா மையைப் பெருவிரலில் தடவி, அந்த எட்டுக்கும் கீழே ஒன்பதாவது இடத்தில் அழுத்தினாள்.

அந்தக் காகிதம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் தொங்குகிறது. மறுநாள் காலை முதல் ரயிலில் வந்த இராமசாமி, மூன்றாம் வரிசையில் இருந்து, தன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று என்னிடம் சொன்னான். தந்தையாருக்கும் பாடசாலைக்கும் தனித்தனியே கடிதம் எழுதிவிட்டேன். ஆயினும், வாசகரே, உம்முடைய சாட்சியம் கையொப்பத்துக்கு மட்டுமன்று. அதன் பிறகு நடந்ததற்கு.

மை காய்வதற்குள் அஞ்சலை சொன்னாள்: “கை மட்டும் போதாதுங்க. வாயால சொல்லுங்க. லயம் பூரா கேக்கணும்.”

மழை இன்னும் விடவில்லை. தாழ்வாரத்தை விட்டு முற்றத்தில் இறங்கி, நனைந்துகொண்டே, கடைசி வீட்டுக்கும் கேட்கும் குரலில் சொன்னேன்:

“இந்த ஒன்பது பிள்ளைகளும் பரீட்சை எழுதி முடிக்கும்வரை நான் கப்பலேற மாட்டேன்.”