கடலை இரண்டு முறை தாண்டிய குளிசை

கட்டாருக்கு வந்து இத்தனை காலமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே டாக்டர்மார் குறைவாகச் சாப்பிடச் சொல்லி ஏசுகிறார்கள். ஊரில் அப்படி ஏச்சு வாங்க எனக்கு வசதி இருந்ததில்லை. அலுவலகமொன்றில் தேநீர் போடுகிறவன் நான். கம்பனி என் இரத்தத்தைச் சோதித்து, கொலஸ்ட்ரோல் கூட என்று மாதாமாதம் மருந்துக் குளிசை தந்தது. எகிப்துக்கார டாக்டர் என் நெஞ்சைத் தட்டி, குடிக்காவிட்டால் இது நின்றுவிடும் என்று சைகையால் காட்டினார்.

கல்முனைக்குடியில் எங்கள் வீட்டையும் தேத்தண்ணிக் கடையையும் சுனாமி கொண்டுபோன பிறகுதான் நான் இங்கே வந்தேன். உள்நாட்டுச் சண்டை முடிகிற காலத்தில் மனைவி றஹீமாவுக்கு மார்பில் புற்றுநோய். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறிக் கொழும்புக்குப் போய், ஒப்பரேஷன் செய்துகொண்டு வந்தாள். நானோ மார்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவன். டெலிபோனில், "அந்த இடம் எப்படி?" என்றுதான் கேட்பேன்.

"எந்த இடம்? கல்முனை பஸ் ஸ்டாண்டா?" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, என் அறையில் இருக்கும் மலையாளி பத்திரிகை வாசித்துச் சொன்னார். கொலஸ்ட்ரோல் குளிசை, ஆய்வுகூடத் தட்டில் மார்புப் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியை மெதுவாக்குகிறதாம். மனிதரில் இன்னும் உறுதியில்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சை நான் பொருட்படுத்தவில்லை. அன்றிலிருந்து என் குளிசைகளை நான் தொடவில்லை. எல்லாம் றஹீமாவுக்கென்று வெறும் பால்மா டின்னுக்குள் போயின. அடுத்த சோதனையில் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. "ஆட்டிறைச்சியா? முட்டையா?" என்று டாக்டர் கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கம். இரண்டுக்கும் தலையாட்டினேன். குளிசையை இரட்டிப்பாக்கினார். எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. அடுத்த முறையும் குறைந்துவிடக் கூடாதே என்று காலையில் மூன்று முட்டை பொரித்தேன். மனைவிக்காக இவ்வளவு பாடுபட்டுத் தின்ற புருசன் எங்கள் ஊரில் இருந்திருக்க மாட்டான்.

ஊருக்குப் போன கூட்டாளி றிஸ்வானிடம் டின்னைக் கொடுத்தனுப்பி, பத்திரிகை விசயத்தை றஹீமாவுக்கு டெலிபோனில் சொன்னேன். டின் கிடைத்த இரண்டு நாளில் அவளே கோல் எடுத்தாள்.

"இஞ்சாருங்க, டொக்டர்ட்டக் காட்டினன். தட்டில நடந்தது மனிசருக்கும் நடக்குமெண்டு இன்னும் தெரியாதாம். எனக்கு எழுதித் தந்த மருந்தையே ஒழுங்காக் குடிக்கட்டாம். பிறகு, இது ஆர்ர குளிசை எண்டு கேட்டார்."

நான், றிஸ்வான் சுகமாக வந்து சேர்ந்தானா என்று கேட்டேன்.

"உங்கடதானே?"

"ஓம்." முட்டைக் கதையும் அப்போதுதான் வாயில் வந்தது.

"நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கி உசிரப் பிடிச்சு வெச்சிருக்கன். நீங்க அங்க முட்டை திண்டு மௌத்தாகப் பாக்கறீங்களா?"

றிஸ்வான் திரும்பி வந்தபோது டின்னும் வந்தது, கருவாட்டுப் பொதிக்கு நடுவில். மூடியில் அவள் எழுதியிருந்தாள்: "அந்த இடத்துக்கு." டாக்டர் தட்டிய நெஞ்சில் என் கை தானாகப் போய் நின்றது.

டின்னோடு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். டின்னை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்து, பழைய அளவையே குடிக்கச் சொன்னார். இப்போது தினமும் காலையில், கட்டார் தந்த குளிசை கல்முனைக் கருவாட்டு மணத்தோடு என் தொண்டையில் இறங்குகிறது. எந்த ஊர் மருந்து என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. குடித்ததும் அவளுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பேன். அவள் தன் குளிசையைக் குடித்துவிட்டு, திருப்பி ஒன்று கொடுப்பாள்.