லிவரில் மாட்டிய ரப்பர்

என் கராஜ் சுவரில், ஸ்பேனர்கள் தொங்கும் வரிசையின் கடைசி ஆணியில், டயர் டியூபில் வெட்டிய ஒரு முழ ரப்பர் பட்டி தொங்குகிறது. வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்பார்கள். மனம் இருந்தால் சொல்வேன், இல்லாவிட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அது டிரைவர் அண்ணனுடையது. பொகவந்தலாவைக்கு மேலே, ஆட்டோ ஏறாத ஒரு தேயிலைத் தோட்ட டிவிசனுக்கு அவருடைய பழைய ஜீப் மட்டும்தான் ஓடியது. மாவு மூட்டையும் அதில்தான் போகும், பிள்ளைவலி கண்ட பெண்ணும் அதில்தான் இறங்குவாள். அந்த ஜீப்பின் ட்ரான்ஸ்பர் கேஸ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, தேய்ந்துபோயிருந்தது. இறக்கத்தில் லோ கியர் தானாகக் கழன்றுவிடும். கழன்றால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. பிரேக் ஒன்றுதான் கதி, அதுவும் சூடேறினால் போச்சு. எங்கள் பக்கத்து டிரைவர்கள் இதற்குக் கண்ட வைத்தியம், கியர் லிவரை டியூப் ரப்பரால் இழுத்து சீட்டுக் காலில் மாட்டிவிடுவது. அண்ணனும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நோர்வூட்டில் என் கராஜில் பெட்டியை இறக்கி மூன்று நாள் வேலை செய்தேன். பல் மழுங்கிய சக்கரங்கள், பேரிங்குகள், சீல்கள் எல்லாம் மாற்றினேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். ரப்பரைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "இனி இதக் கட்டுனீங்கன்னா என் வேலைக்கு மரியாதை இல்லண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேசையில் விரித்திருந்த எண்ணெய்ப் பேப்பரை மடித்தபோது ஓர் இரும்புக் குண்டு உருண்டு தரையில் விழுந்தது. கடலை அளவுதான் இருக்கும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் லோ கியரைக் கழலாமல் பிடிப்பது அதுதான். ஸ்பிரிங்கைப் போட்ட நான் குண்டைப் போடவில்லை. அண்ணனுக்கு போன் எடுத்தேன், கவரேஜ் இல்லை. வீட்டுக்கு எடுத்தால் அவர் மனைவி, "மேல ஒரு புள்ளைக்கு வலி வந்துருச்சாம், அவரு விடியவே போயிட்டாருங்க" என்றார்.

ஆட்டோ பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் கண் முதலில் பள்ளத்துக்குத்தான் போனது. ஓரிடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாரும் கீழே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர்கள் பார்த்தது வேலையை மேற்பார்க்க வந்த கணக்கப்பிள்ளையைத்தான்.

ஆட்டோ ஏறாத இடத்தில் இறங்கி ஓடினேன். கடைசி வளைவில் ஜீப் எஞ்சின் உறும, நடக்கிற வேகத்தில் இறங்கி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். பின்சீட்டில் ஒரு பெண் தன் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். முன்னால், லிவரில் அந்த ரப்பர் இறுக மாட்டியிருந்தது.

குண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "என் தப்புண்ணே."

அண்ணன் அதைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார். "உங்கள நம்பாம கட்டல பாஸ். பின்னால இருக்கிற புள்ளைக்காகக் கட்டுனேன். ஏறுங்க."

ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு கையாலும் லிவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலிலேயே பெட்டியின் மரையாணியைக் கழற்றிக் குண்டைப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. அதன் பிறகும் அண்ணன் ரப்பரைக் கழற்றவில்லை. நானும் மரியாதையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அந்த டிவிசனுக்குப் பாதை போட்டாயிற்று, ஆட்டோ போகிறது. ஜீப்பை விற்ற அன்று அண்ணன் ரப்பரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் மேசை முழுக்கக் கையால் தடவிப் பார்க்கிறேன். ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், அந்த ஆணியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியைக் கொடுக்கிறேன்.