மீன் கடையில் கோப்பித் தூள்

காலையில் சுங்கை லாலாங் பாசாரில் எனக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, தன் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார். ரத்தம் கொட்டியது.

பக்கத்துக் கடை அண்ணன் கோப்பித் தூளோடு ஓடிவந்தார். "இத அப்பும்மா, உடனே நின்னுடும் லா!"

"வேணாண்ணே, காயத்துல அழுக்குதான் சேரும்" என்று தடுத்தேன். குழாய்த் தண்ணீரில் விரலைக் கழுவி, சுத்தமான கைக்குட்டையால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தச் சொன்னேன்.

அக்கா கூப்பிடுகிறார் என்று நினைத்து, எதிரே போன இரண்டு பேர் மீன் வாங்க வந்துவிட்டார்கள்!

ரத்தம் நின்றதும் பிளாஸ்டர் ஒட்டினேன். "கிளினிக்ல ஒரு தடவ காட்டிடுங்கக்கா."

"காட்டுறேன் லா. ஆனா கைய இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டில் வெட்டுக்காயத்துக்கு அடுப்படியிலிருந்து எதை எடுத்து வருவார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.