உப்பு படிந்த மிதவையும் ஒரு தனி ஸ்டாக்கும்

மரக்காணத்தில் அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில், பம்ப்பைத் தானாக நிறுத்த ஒரு கன்ட்ரோலர் பெட்டி வைத்தேன். அதற்குள் ஓடும் சின்னக் கெர்னல், அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள், நான் எழுதியது. தண்ணீர் ஏறி மிதவை தட்டினால் பம்ப் நிற்க வேண்டும். மூன்றாம் நாளே பெட்டி செயலற்றுப்போய், பம்ப் ஓடிக்கொண்டே இருந்து, தண்ணீர் வரப்பைத் தாண்டி, மறுநாள் உப்பு வார வேண்டிய பாத்தியைக் கரைத்துவிட்டது. அண்ணி வெயிலில் நின்று விளைவித்த உப்பு.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பெட்டிய கழட்டிடுவேன்,” என்றார். அண்ணி சொன்னால் செய்வார்.

மிதவையைக் கையில் எடுத்ததும் புரிந்துவிட்டது. உப்பு படிந்ததால், ஒரு முறை தட்ட வேண்டியது நடுங்கி நடுங்கி நூறு முறை தட்டியிருக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஒரு இன்டரப்ட், கெர்னலுக்கு ஒரு குறுக்கீடு. கெர்னல் கைவேலையை நிறுத்தி, விட்ட இடத்தை ஸ்டாக் என்னும் நினைவகத் துண்டில் குறித்துவைத்துவிட்டுத்தான் அதைக் கவனிக்கும். அது முடியுமுன் அடுத்தது வந்தால் குறிப்பின்மேல் குறிப்பு ஏறும். நானோ கஞ்சத்தனமாக, பம்ப் வேலைக்கு வைத்த சின்ன ஸ்டாக்கையே இன்டரப்ட்டுக்கும் கொடுத்திருந்தேன். அது வழிந்து பக்கத்து நினைவகத்தை அழித்துவிட்டது. சென்னையில், மேஜைமேல், சுத்தமான மிதவையோடு சோதித்த என் புத்தியை என்ன சொல்ல!

“மிதவைய டெய்லி நல்ல தண்ணியில கழுவிட்டா போதும் அண்ணி,” என்று சமாளித்தேன்.

“குடிக்கிற தண்ணியே குடத்துல தூக்கிட்டு வர்றோம். இதுக்கு வேற தூக்கணுமா? உப்பளத்துல உப்பு இருக்கத்தாம்மா செய்யும்.”

சுருக்கென்றது. கழுவாத மிதவையோடுதான் இந்தப் பெட்டி ஓட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இன்டரப்ட்டுக்கென்று தனி ஸ்டாக் ஒதுக்கினேன். ஒரு தட்டைக் கவனித்து முடிக்கும்வரை அடுத்ததைக் காக்கவைத்தேன். புது ஸ்டாக் எவ்வளவு நிரம்புகிறது என்று அறிய, அது முழுக்க ஒரே எண்ணை நிரப்பி, குறிப்புகள் ஏறி எதுவரை அது அழிகிறது என்று பார்த்தேன். பாதியைக்கூட எட்டவில்லை. அப்படியும் நம்பாமல், உப்பு அப்பிய மிதவையை வைத்து இரண்டு நாள் விடாமல் சோதித்தேன்.

அடுத்த பாத்தி விளைந்திருந்த காலையில் பெட்டியைத் திரும்பப் பொருத்தினேன். முதல் பாத்தி கரைந்ததிலிருந்து, பம்ப் ஓடும்போது அண்ணி அதன் ஸ்விட்சை விட்டு நகர்வதே இல்லை.

“மொதல்ல வாரிட்டு, அப்புறமா பாக்கலாமா?”

“வேணாம் அண்ணி. உப்பு அங்கயே இருக்கட்டும். மிதவைய நீங்களே ஆட்டுங்க.”

கரைந்துபோன பாத்தியின் கோபம் முழுவதையும் வைத்து ஆட்டினார். பம்ப் நின்றது. மறுபடியும் போட்டு, இன்னும் வேகமாக ஆட்டினார். நின்றது. ஏழெட்டு முறை.

பிறகு பம்ப்பைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “வாம்மா, சாப்ட்டு வரலாம்.”

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.